நாற்காலிக்கு ஒரு கால்

பஸ் ஓட்டுகிறவனுக்கு வண்டியில் தூக்கம் வரக்கூடாது, வீட்டில் வரவேண்டும். அவனுக்கு இரண்டும் தலைகீழாக நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். பல வருஷமாக அந்தப் பழைய மர நாற்காலியில் சாய்ந்தபடியேதான் தூங்கிவந்தாள். அதன் முன்கால் ஒன்று முறிந்ததிலிருந்து, கட்டிலில் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மகன்தான் நாற்காலி. அவன் அசைந்தால் அம்மா விழித்துக்கொள்வாள், அம்மா இருமினால் அவன். விடிந்ததும் எரிகிற கண்ணோடு போய் ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். ஒருநாள் சிவப்பு விளக்கில் நின்றவனுக்குக் கண் சொருகிவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்து எழுப்பின. பஸ் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு தூங்கினோமே என்று அன்று முழுக்க ஒவ்வொரு சிக்னலிலும் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டான்.

அக்கா புது நாற்காலி ஒன்று வாங்கி அனுப்பினாள். பளபளவென்று இருந்தது. அம்மா அதில் சறுக்கிச் சறுக்கித் தரைக்கே வந்துவிட்டாள். "இது விருந்தாளி உக்கார்ற நாற்காலிடா. வந்தமா போனமான்னு இருக்கணும்" என்று ஒதுக்கிவிட்டாள். தச்சரோ முறிந்த காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது கடைசல் வேலை, மரத்தைச் சுத்தவிட்டு உளியால உருட்டணும். ஒத்தக் காலுக்காக எவன் மெஷினை ஓட்டுவான்? தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க."

அப்படித்தான் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கடைசல் மெஷின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆணி அடிக்கத் தெரியாதவன் மெஷின் வாங்கியிருக்கான் பாரு!"

"போன்ல எல்லாம் சொல்லிக்குடுக்குறாங்கக்கா."

"காப்பி போடக்கூடத்தான் போன்ல சொல்லிக்குடுக்குறாங்க. நீ போடுறத வாயில வைக்க முடியுதா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. போன் வீடியோவில் வந்த ஆள் உளியால் தொட்டதும் மரம் சுருள் சுருளாக உரிந்து வந்தது. இவன் தொட்டதும் உளி சிக்கி, கட்டை மெஷினை விட்டுப் பறந்து போய்த் தகரத்தில் மோதியது. "யார்றா அது கல்லெறியறது?" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். உளியை முதலில் மெஷினோடு இருக்கும் தாங்கியில் அழுத்தி வைத்துக்கொண்டு, அப்புறம்தான் சுழலும் மரத்தைத் தொடவேண்டும் என்பது அதன்பிறகே புத்தியில் ஏறியது. அடுத்த கட்டையை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சீவி, துடைப்பக் காம்பாக்கி வைத்தான். அவ்வளவு அசதியில் யாரும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. ஆனால் அசதி போகவேண்டுமென்றால் அதைக் கற்றுத்தான் ஆகவேண்டும். என்ன பிழைப்போ!

ஒருவழியாக ஒரு கால் தேறியது. குமிழும் வளையமும் பழைய கால்களுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. பசை போட்டுப் பொருத்தி, காயவிட்டு, நிமிர்த்தி வைத்தால் நாற்காலி ஆடியது. புதுக்கால் ஒரு நூல் உயரம். அறுத்தான். இப்போது அந்தப் பக்கம் குட்டை. எதிர்க்காலை அறுத்தான். அடுத்தது ஆடியது. அதையும் அறுத்தான். ஆட்டம் நின்றபோது நாற்காலி குள்ளமாகிவிட்டிருந்தது. அவன் உட்கார்ந்து பார்த்தான், சட்டென்று எழுந்தான். ஒரு குறையும் தெரியவில்லை. தன் முழங்கால் வேறு, அம்மாவின் முழங்கால் வேறு என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

மதியம் சாப்பாடு முடிந்ததும் அம்மாவைக் கைத்தாங்கலாக அதில் உட்காரவைத்தான். பின்னால் சாய்ந்தவள் "அப்பாடா" என்றாள்.

"நல்லா இருக்குடா. நீ போ. போய்க் காலை நீட்டிப் படு."

பக்கத்து அறையில் மல்லாந்து விழுந்தவன் எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியாது. கண் விழித்தபோது ஜன்னலில் தெருவிளக்கு எரிந்தது. உடம்பு இலேசாகியிருந்தது. உற்சாகமாக வந்து கூடத்து விளக்கைப் போட்டான்.

அம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டை இழுத்துப் போட்டிருந்தாள். நாற்காலிக்கு அடியில் தரை ஈரமாக இருந்தது.

"முழிச்சு ரொம்ப நேரமாச்சாம்மா? கூப்பிட வேண்டியதுதானே?"

"இப்பதான்டா முழிச்சேன்." தரையைப் பார்த்தாள். "தண்ணி கொட்டிடுச்சு."

கூடத்தில் டம்ளரோ சொம்போ எதுவும் இல்லை. அவ்வளவு பள்ளத்திலிருந்து கையை ஊன்றி எழப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்திருப்பான். அவன் தூங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்குத் தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான்தாம்மா டம்ளரை ஓரமா வச்சுட்டுப் போயிட்டேன்" என்றான்.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனை தடவ சொல்றது உனக்கு? இனிமே பாத்து வை" என்று அதட்டிவிட்டு, எழுந்திருப்பதற்காக இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டினாள்.