பச்சைக் களிமண்

தனித்தனியாகப் பார்த்தால் அந்த எஞ்சினில் இருந்ததெல்லாம் தங்கம்தான். பெரிய வாயுள்ள கார்ப்பரேட்டர் ஒரு கடையில், பிஸ்டன் இன்னொரு கடையில் என்று லேத்துக்காரன் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தது. புதுசு வாங்க வக்கில்லாதவன் வேறென்ன செய்வான், சொல்லுங்கள்.

எல்லாம் தன் தங்கைக்காக. அன்று மாலை நாலு மணிக்கு அந்த எஞ்சின் மாட்டிய காரை அவள் மலைப்பாதையில் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறினால் பந்தயக் குழுவில் அவளுக்கு வேலை. ஏறாவிட்டால் பழையபடி பால் வண்டி. வயது முப்பத்தொன்று; இன்னொரு தடவை கூப்பிடமாட்டார்கள்.

காலையில் ஷெட்டுக்குள் வந்தவள் கேட்டாள்: "வால்வு பிஸ்டன்ல இடிக்காதுல்ல? பாத்துட்டியாண்ணா?"

"பாத்தாச்சு."

"இந்த கேம்ஷாஃப்ட்டோடவா?"

அவன் கையில் ஸ்பேனர் நின்றுவிட்டது.

எஞ்சினின் தலைமூடியான ஹெட்டைச் சீவி இறக்கியதும் அவன் பார்த்தது உண்மைதான். ஆனால் அப்போது உள்ளே வால்வுகளைத் தள்ளிக்கொண்டிருந்தது பழைய கேம்ஷாஃப்ட். அப்புறம்தான் வால்வை இன்னும் ஆழமாகத் தள்ளுகிற பந்தயச் சரக்கு ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆசையில் மாட்டிவிட்டான். 'பாத்தாச்சு' மட்டும் மனசில் பழசாகவே உட்கார்ந்திருந்தது.

ஹெட்டைக் கழற்றி, மகளின் விளையாட்டுக் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பினான். திரும்ப மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறந்தான். இரண்டு மில்லிமீட்டராவது நிற்க வேண்டிய பச்சைக் களிமண், வால்வு பதிந்த இடத்தில் காகிதமாய் நசுங்கிக் கிடந்தது.

"வேகம் எடுத்தா ரெண்டும் முட்டிக்கும். வால்வு வளைஞ்சிரும்."

"நல்லா பொருத்தம் பாத்தே போ. உன்னை நம்பி யாராச்சும் பொண்ணு பாக்கச் சொன்னா குடும்பம் விளங்கிடும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"பழசு எங்க?"

"குளிக்கிற ரூம் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்."

ஓடிப்போய் எடுத்துவந்தான். ஈரத்தில் கிடந்து, வால்வைத் தள்ளும் எட்டு மேடுகளில் ஒன்றைத் துரு அரித்திருந்தது. எண்ணெய்க்கல்லில் தேய்தேயென்று தேய்த்தும் குழியில் நகம் தட்டியது.

"தாங்காதும்மா. தேஞ்சிரும்."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எனக்கென்ன தெரியும்."

"எனக்கு மூணு நிமிஷம் போதும். மாட்டு."

பழசை மாட்டினான். மறுபடி களிமண் வைத்துப் பார்த்தான். இந்தத் தடவை பச்சை கனமாய் நின்றது.

மலையடிவாரத்தில் எஞ்சின் டக், டக் என்றது. கடிகாரத்தோடு நின்ற குழுக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

"என்னம்மா சத்தம்?"

"தையல் மிஷினும் கொண்டுவந்திருக்கேன் சார்."

வண்டி கிளம்பியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். டக் டக் கேட்கிறவரை உயிர் இருக்கிறது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் சத்தமே இல்லை. சட்டைப்பைக்குள் இருந்த களிமண்ணைப் பிசைந்தான், பிசைந்தான்.

குழுக்காரரின் வயர்லெஸ் கரகரத்தது. "ரெண்டு ஐம்பத்தெட்டு."

ஒரு சிலிண்டர் செத்து, நொண்டிக்கொண்டே இறங்கிவந்த வண்டி அவன் காலடியில் நின்று அணைந்தது. எஞ்சின் மூடியைத் திறந்தான். துருப்பிடித்த அந்த மேடு வழித்தெடுத்தாற்போல் தேய்ந்து போயிருந்தது.

"பாத்துட்டியாண்ணா?" என்றாள், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல்.

அவன் மூடியைச் சாத்தினான். தலையை ஆட்டினான்.