வாட்ஸப்பில் வந்த ஜப்தி

தேவசுந்தரிக்கு அந்தப் பல் கிளினிக்கில் ஒன்பதாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி, இரண்டே அறை. டோக்கன் கொடுப்பது, கருவிகளைக் கழுவிக் கொதிக்கவைப்பது, டாக்டர் அனுராதா பல் பிடுங்கும்போது விளக்கைத் திருப்பிப் பிடிப்பது எல்லாம் அவள்தான். "நாளைக்குப் பத்தரைக்கு வந்துடுங்க" என்று நோயாளிகளுக்கு போன் செய்வதும் அவள்தான், தன் சொந்த போனிலிருந்து. அதில் நானூறு நோயாளிகளின் எண்களாவது இருக்கும்.

வைகாசியில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். ஆடிக் கிருத்திகைக்குள் வீட்டை அறைகளாகத் தடுத்து, மலைக்கு வரும் பக்தர்களுக்கு நாள்வாடகைக்கு விடப்போகிறாராம். புது வீட்டுக்கு முன்பணம் முப்பதாயிரம். கணவன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகள் பெர்சிஸ் தினமும் ரயிலில் போய்வந்து திருவள்ளூர்ப் பக்கம் நர்சிங் இரண்டாம் ஆண்டு படித்தாள். கம்மலை அடகு வைத்தும் பத்தாயிரம் குறைந்தது. போனில் ஓயாமல் விளம்பரம் காட்டிய கடன் ஆப் ஒன்றை தேவசுந்தரி திறந்தாள். ஆதார் படம் கேட்டது, செல்பி கேட்டது, போனில் உள்ள எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி என்று தட்டினாள். பதினைந்தாயிரம் கடன் என்றது. வந்தது ஒன்பதாயிரத்து எழுநூறு. ஏழு நாளில் பதினைந்தாயிரமாகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கட்ட முடியவில்லை. நாலாயிரம் கட்டினால் இன்னும் ஏழு நாள் தள்ளிவைப்பார்கள். அப்படி ஐந்து முறை கட்டினாள். கிளினிக் சம்பளம் பதினோராயிரம்தான். ஒரு முறைக்காகப் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கினாள். இருபதாயிரம் போன பிறகும் அந்தப் பதினைந்தாயிரம் அப்படியே நின்றது. ஆறாவது முறை கையில் எதுவும் இல்லை.

மறுநாள் ஒருவன் போனில் வந்தான். "இன்னாம்மா, கட்ற ஐடியா இருக்கா இல்லியா?"

"பத்து நாள் டைம் குடுங்க தம்பி."

"தம்பியாவது தங்கச்சியாவது. உன் சம்பளத்தை ஜப்தி பண்ண கோர்ட்டு ஆர்டர் வாங்கியாச்சு. நாளைக்கு உன் டாக்டருக்கு வரும், பாத்துக்க."

சொன்னபடியே வந்தது. காலையில் டாக்டர் தன் போனை நீட்டினார். ஆங்கிலத்தில் ஒரு தாள், மேலே சிங்க முத்திரை, கீழே சிவப்பு சீல்.

"என்ன இது தேவா? மாசாமாசம் உன் சம்பளத்துல பாதியை இவங்க அக்கவுண்ட்ல நான் போடணுமாம். இல்லன்னா என் மேலயும் கேஸாம்."

தேவசுந்தரி எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"பெர்சிஸ் பீஸுக்கு வாங்கினதே இன்னும் பாக்கி இருக்குதே மேடம். எந்த மூஞ்சிய வச்சிகினு கேப்பேன்?"

"சரி, இப்பவே கோர்ட்டுக்குப் போய் இது நிஜமான்னு கேட்டுட்டு வா. அங்க இலவச சட்ட உதவி இருக்கு."

கோர்ட்டின் சட்ட உதவி அறையில் வேதாசலம் என்ற வயதான வக்கீல் உட்கார்ந்திருந்தார். அவள் போனை வாங்கி, டாக்டர் அதற்கு அனுப்பியிருந்த தாளைப் பார்த்தார். இரண்டு வரி படித்ததுமே சிரித்துவிட்டார்.

"உனக்கு சம்மன் எதுனா வந்துச்சாம்மா?"

"இல்லீங்க."

"போடாத கேஸுக்கு ஏது தீர்ப்பு? தீர்ப்பு இல்லாம ஏது ஜப்தி? கேஸ் ஜெயிச்சாக்கூட பாதி சம்பளத்துல கை வைக்க முடியாது, சட்டத்துல அளவு இருக்குது. இது கம்ப்யூட்டர்ல எவனோ செஞ்சது. இனிமே ஒரு பைசா கட்டாத. 1930க்கு போன் பண்ணி சைபர் கிரைம்ல புகார் குடு."

வக்கீலே அங்கேயே அந்த நம்பரைப் போட்டுக் கொடுத்தார். புகாரைக் கேட்டுக்கொண்டு ஒரு பதிவு எண் தந்தார்கள். திரும்பும் வழியில் பஸ் நிலையத்தில் அவள் ஒரு டீ குடித்தாள். ஒரு மாதமாக வாயில் எதுவும் ருசிக்காமல் இருந்தவளுக்கு அந்த டீ ருசித்தது.

மாடி ஏறியபோது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பேப்பர் பொய்யின்னு வக்கீல் சொல்லிட்டாரு மேடம்."

"பொய்தான் தேவா. பிரச்சினை இப்ப அது இல்ல."

போனைக் காட்டினார். தேவசுந்தரி ஆப்புக்காக எடுத்த செல்பி, அதன் கீழே 'திருடி' என்று எழுத்து. 'இவள் கடனுக்கு இந்தக் கிளினிக் டாக்டர் ஜாமீன், அவரைக் கேளுங்கள்' என்று இன்னொரு வரி. அவளுடைய போனில் இருந்த நோயாளிகள் எல்லோருக்கும் அது போயிருந்தது.

"நீ போனதிலிருந்து அறுபது போன். ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், என் நம்பரை எவன்கிட்ட வித்தீங்கன்னு கேட்டார். நான் என்ன சொல்றது?"

தேவசுந்தரி அந்த எண்களை யாருக்கும் விற்கவில்லை. ஆனால் கொடுத்தது அவள்தான்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி, டாக்டர் அந்த மாதச் சம்பளத்தோடு இன்னொரு மாதத்துச் சம்பளத்தையும் வைத்து ஒரு உறையைக் கொடுத்தார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை. தேவசுந்தரி வழக்கம்போல மதியக் கருவிகளைக் கழுவி அடுக்கிவிட்டுத்தான் இறங்கினாள்.

உறையில் இருந்தது வாடகைக்கும் பெர்சிஸின் பீஸுக்கும் கைமாற்றுக்கும் போயிற்று. அதே வாரம் அந்த ஆளிடமிருந்து ஒரு படம் வந்தது. அவளுடைய முகம்; உடம்பு யாருடையதோ. துணி இல்லை. 'அடுத்து உன் பொண்ணு காலேஜ்' என்று எழுதியிருந்தது. 1930க்கு மறுபடி பேசினாள். புகார் விசாரணையில் இருக்கிறது என்றார்கள். வக்கீல் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பெர்சிஸ் அந்தக் கல்லூரிக்குள் நாளைக்கு நடக்க வேண்டுமே.

ஆர்.கே.பேட்டையில் பங்காரு என்பவர் பன்னிரண்டு விசைத்தறி வைத்திருந்தார். ஆட்கள் அவரை நைனா என்றே கூப்பிடுவார்கள். தார் சுற்ற, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்ற, ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு தேவசுந்தரி அங்கே போனாள்.

"இருபதாயிரம் முன்பணம் வேணும் நைனா."

"தரேம்மா. வாரக்கூலி ரெண்டாயிரம். வாராவாரம் அறுநூறு புடிச்சிக்குவேன். அது தீர்ற வரைக்கும் வேற எடத்துக்குப் போகக் கூடாது. சம்மதமா?"

"ஆங், சம்மதம் நைனா."

வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டாள். அன்று சாயங்காலமே, அதற்குள் பதினெட்டாயிரத்து நானூறாக ஏறியிருந்த கடனை ஆப்பில் கட்டினாள். 'உங்கள் கடன் முடிந்தது, நன்றி' என்று வந்தது.

அன்றிரவு பெர்சிஸ் கேட்டாள். "வக்கீலு கட்ட வேணாம்னு தானேம்மா சொன்னாரு?"

"சொன்னாருடி."

"நான் காலேஜ் நின்னுடட்டா? எங்கனா வேலைக்குப் போறேன்."

"வாய மூடிகினு படி" என்றாள் தேவசுந்தரி. எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை, ஆயிரத்து நானூறு ரூபாயோடு டவுன் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தம் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. புது எண், புதுக் குரல்.

"உன் பழைய கடன்ல ஆறாயிரம் லேட் பீஸ் பாக்கி நிக்குது. இப்ப எங்க வேலை செய்யற? மொதலாளி பேர் சொல்லு."

போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன. ஏழு மணிக்கு பெர்சிஸ் ரயிலில் ஏறியதும் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் பயப்படுவாள் என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. தேவசுந்தரி போனை எடுத்து, மறுபடியும் ஆன் செய்தாள்.