துறையில் போட்ட வயலட் பூ

வெர்நுவா ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாலத்தைத்தான் கேட்டு வருவார்கள். பேர்போன ஒரு பிரெஞ்சு நாவலில் அர்மாந்த் என்கிற பெண் அங்கிருந்துதான் ஆற்றில் குதிக்கிறாள். எழுதி நூறு வருஷமாகியும் அவளுக்காக அழுது, பூப்போட ஆள் வந்தபடியே இருந்தது. வயலட் பூதான் போடுவார்கள். கதையில் அவள் சட்டையில் குத்தியிருந்தது அதுவாம். பாலத்து முனையில் அந்தப் பூவைக் கட்டி விற்றவள் ஒதீல்.

ஒதீலின் மகள் சொலேன் நிஜமாகவே அந்த ஆற்றோடு போனவள். பாலத்தில் இல்லை, கொஞ்சம் கீழே, பழைய துவைக்கும் துறையில். பாசிப்படியில் கால் வழுக்கி, பத்தொன்பது வயதில். துறையில் ஒரு சின்னப் பலகையில் அவள் பேரை எழுதி வைக்கலாமா என்று ஒதீல் நாலு வருஷமாக மேயரிடம் கேட்டு வந்தாள். மேயர் ரெமூசா அவளோடு ஒரே பள்ளியில் படித்தவர். வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்று தள்ளிக்கொண்டே வந்தவர், இந்த ஏப்ரலில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஒரு ஆத்துக்கு ஒரு பொண்ணு போதும் ஒதீல். நீயும் அர்மாந்த் பேரச் சொல்லித்தானே பொழைக்கிற?"

மறுநாள் காலையில் லீல் நகரத்திலிருந்து ஒருவர் வந்தார். நடுவயது, கையில் ஓரம் கிழிந்த புத்தகம். பூ வாங்கிக்கொண்டு, அந்தப் பெண் விழுந்த இடம் எது என்று கேட்டார். ஒதீல் பாலத்தைக் காட்டவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் படியில் மண்டியிட்டுப் பூவைத் தண்ணீரில் விட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. வேற்று மனிதர் ஒருவர் அந்தப் படிக்குக் கொண்டுவந்த முதல் பூ. ஒதீலுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாவம், அர்மாந்த்," என்றார் அவர்.

"சொலேன்," என்றாள் ஒதீல்.

அவர் திரும்பிப் பார்த்தார். "புஸ்தகத்துல அப்படி யாரும் வரலையே, மதாம்."

"வரமாட்டாங்க. அவ என் மக. இங்கதான் போனா."

அவர் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனுஷர்தான், மனசார வருத்தம் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ... அர்மாந்த் விழுந்த இடம் எதுங்க?"

ஒதீல் கையை நீட்டிப் பாலத்தைக் காட்டினாள். கடையில் இன்னொரு கட்டு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர் போட்ட பூ படியோரத்துச் சுழலில் மாட்டிக்கொண்டு சுற்றியது. அதை எடுக்கவும் அவளுக்கு மனசில்லை, விட்டுப் போகவும் மனசில்லை.