தானே சாத்திக்கொள்ளும் கேட்

திறந்தவன் மூட வேண்டும் என்கிற புத்தி இப்போது எவனுக்கும் கிடையாது. சிலிண்டர் போடுகிறவன் வருகிறான், கேட்டைத் தள்ளுகிறான், போன பிறகு அது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. பார்சல்காரன் அதைவிட மோசம், காலால் உதைத்துத் திறப்பான். ஏன்டா என்றால், கையில் பெட்டி இருந்தது என்பான். போகும்போது கையில் என்ன இருந்ததாம்? முப்பத்தொரு வருஷம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்தவன் நான். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் அடைக்க வேண்டும், வண்டி போனதும் திறக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் அதில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக் கேட் வழியாகத்தான் என் பெண்டாட்டி வெளியே போய்விட்டாள்.

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இரண்டு வருஷமாக அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் தடவை மெயின் ரோட்டின் நடுவில் நின்றிருக்கிறாள், கையில் காலி டிபன் கேரியரோடு. பஸ்காரன் அடித்த பிரேக்கில் உள்ளே இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்களாம். டிரைவரே இறங்கி, கையைப் பிடித்து, விசாரித்து விசாரித்துக் கூட்டிவந்தான். கண்டபடி ஏசப் போகிறான் என்று நினைத்தேன்.

"அடுத்த தடவை வர்றது நானா இருக்காது பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தானாகவே சாத்திக்கொள்ளும் கேட் போட்டே தீர வேண்டும் என்று மகள் போனில் ஒற்றைக்காலில் நின்றாள். தானாக நடக்கிற எதையும் நான் நம்புவதில்லை. கேட்டை மூடுகிறவனுக்குக் கண் வேண்டும். யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று பார்த்து மூட வேண்டும். ஸ்பிரிங்குக்கு எங்கே கண்? இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"நீங்க பாத்ரூம் போயிருக்கிற நேரத்துல அம்மா கிளம்பினா என்னப்பா செய்வீங்க?" என்றாள்.

வெல்டிங்காரனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

வெல்டிங்காரன் வந்து பழைய தூணில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். "பெரியவரே, உங்க தூணு ஒரு குவார்ட்டர் போட்டுட்டு நிக்குது" என்றான். சாய்ந்த தூணில் ஸ்பிரிங் கீல் மாட்டினால் கேட் பாதியில் நின்றுவிடுமாம். எனக்கு நம்பிக்கையில்லை, கூலி ஏற்றப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் பழையதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரும்புத் தூண் நட்டுக் காங்கிரீட் போட்டான். கம்பிகளுக்கு நடுவில் நாலு விரல் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது, அவள் தலையை நுழைத்துவிடுவாள் என்று நான்தான் கண்டிஷனாகச் சொன்னேன். சரி என்றான். காங்கிரீட் இறுக இரண்டு நாள், அதுவரை தூணில் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

ஆக, இரண்டு நாள் எங்கள் வீட்டுக்குக் கேட்டே இல்லை. பல் விழுந்த இடம் மாதிரி ஓட்டை. அதில் நாற்காலியைப் போட்டு நான் உட்கார்ந்தேன்.

காலை பத்து மணிக்கு வந்தாள். தலை வாரி, புடவை மாற்றி, கையில் கேரியரோடு. நாற்பத்தெட்டு வருஷம் என்னை 'என்னங்க' என்று கூப்பிட்ட வாய் அது.

"கொஞ்சம் நகருங்கண்ணே. எங்க வீட்டுக்காரருக்குச் சாப்பாடு கொண்டு போகணும். பசி தாங்க மாட்டார்."

அண்ணனாம். நான்தான் உன் வீட்டுக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். கையைப் பிடித்தால் கத்துவாள், ஊர் கூடும். என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தபோது பழைய பேச்சு தானாக வாயில் வந்தது.

"வண்டி வருதும்மா. போனதும் விடறேன்."

நின்றுவிட்டாள். கேட்டில் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருப்பேன். குனிந்து நுழைகிறவன், என் அப்பன் பாட்டனை இழுத்து வைகிறவன், ஆரன் அடித்தே கழுத்தறுக்கிறவன். இவளைப் போல ஒருத்தர் நின்றதில்லை. தெருக்கோடியைப் பார்த்தாள்.

"கூட்ஸாண்ணே?"

"கூட்ஸ்தான். நீளம்."

"அப்ப உக்காந்துக்கறேன்" என்று என் காலடியில் உட்கார்ந்தாள்.

இரண்டு நாளும் அப்படித்தான் போயிற்று. வராத வண்டிக்காக உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரைப் பற்றி என்னிடம் சொன்னாள். மூக்குக்கு மேலே கோபமாம். எவனையும் நம்ப மாட்டாராம். பூட்டின பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாராம். ஆனால் சாப்பாடு ஆறிப்போய் வந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாராம். இதை அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் வெல்டிங்காரன் கேட்டை மாட்டினான். கீலின் தலையில் கம்பியைச் செருகி ஸ்பிரிங்கை முறுக்கினான். இரண்டு சுற்றில் கேட் பாதி வழியில் நின்றது. நாலு சுற்றில் அறைந்தது. மூன்றில் பூனை மாதிரி வந்து, தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது. தாழ்ப்பாளின் குமிழ் வெளிப்பக்கம், என் தலை உயரத்தில். நான் உள்ளேயிருந்து மேலே கையை விட்டுத் திறக்கலாம், அவளுக்கு எட்டாது. பதினைந்து தடவை திறந்து விட்டேன். பதினைந்து தடவையும் விழுந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"போகும்போது சாத்திட்டுப் போ" என்றேன்.

"அதான் தானா சாத்திக்குமே."

"தெரியும். சாத்திட்டுப் போ."

மத்தியானம் மகள் போன் செய்தாள். இனிமேல் நிம்மதியாகக் கடைக்குப் போய் வரலாம் என்றாள். என் பெண்டாட்டிக்கு மாத்திரை தீர்ந்திருந்தது. உள்ளே தூங்குகிறாள் என்று பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் டக்கென்ற சத்தம். திரும்பினால் கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், கேரியரோடு. கேட்டை இழுத்தாள், தள்ளினாள், குலுக்கினாள். அது அசையவில்லை. பிறகு என்னைத் தெருவில் போகிற எவனோ போலப் பார்த்தாள்.

"இங்க ஒரு கேட்டுக்காரர் இருந்தாரே, பார்த்தீங்களா? அடைச்சிட்டு எங்கேயோ போயிட்டார். வண்டியும் காணோம்."

"பார்த்தா சொல்றேம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப இதையாவது எங்க வீட்டுக்காரர்கிட்டக் குடுத்துடுங்க. காலையிலேருந்து பட்டினி."

கேரியரைக் கம்பிக்கு நடுவில் நீட்டினாள். நாலு விரல் இடைவெளி. நிமிர்த்திப் பார்த்தாள், படுக்கவைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. நான் கையை மட்டும் உள்ளே விட்டுக் கேரியரைத் தொட்டேன். வாங்க முடியவில்லை. திறந்தால் அவளும் வந்துவிடுவாள். அந்த பஸ் டிரைவர் சொன்னது காதில் கேட்டது.

"வரும்போது வாங்கிக்கறேன்" என்று கையை எடுத்தேன்.

தாழ்ப்பாள் விழுந்ததை என் காதால் கேட்டிருந்தேன். இருந்தாலும் கேட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு நடந்தேன். தெருத் திருப்பம் வரைக்கும் பின்னால் அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கேரியர் ஒவ்வொரு கம்பியாக இடித்து இடித்து வழி தேடுகிற சத்தம்.