அக்கா வீட்டுக்காரர்

ஓவர்சியர் முகத்தில் பாதி நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தபோது அடுப்படியில் மனைவியின் போன் அடித்தது. "சொல்லுங்க மேடம்" என்றாள். பிறகு சிரித்தாள். அந்தப் பக்கமும் சிரிக்கும் சத்தம் கேட்டது. மேடம் என்பது அவருடைய மேடம்தான். வடிகால் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெரிய அதிகாரி. இத்தனை வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரியும் காலையில் போன் போட்டு ஓவர்சியரோடு சிரித்ததில்லை. இந்த மேடமும் அவரிடம் "அந்த ஃபைல் எங்கே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ரேஸரைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நுரை காய்ந்து கன்னத்தை இழுத்தது.

"என்னவாம்?"

"புதன்கிழமை கூட்டமாம். எங்க சங்கத்துலேர்ந்து மூணு பேர் வரணுமாம். உங்ககிட்ட சொல்லலையா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நான் யாரு?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த போனுக்கு எண்ணைத் தட்ட ஆரம்பித்திருந்தாள்.

தாழ்வான தெருக்களில் மழைத் தண்ணீர் புகுந்த வருஷம், வயசானவர்களை மாடிக்குத் தூக்கிச் செல்ல ஒன்றுகூடிய பெண்கள், தண்ணீர் வடிந்த பிறகும் கலைந்து போகவில்லை. அதுதான் சங்கம். அவள் அதற்குத் தலைவி. சங்கத்தின் மனுக்கள் ஓவர்சியரின் மேஜைக்குத்தான் வரும். அவரும் "பார்க்கலாம்" என்று வாங்கி வைப்பார். ஒருமுறை டீயோடு சேர்த்து வீட்டிலேயே ஒரு மனுவை நீட்டினாள். "ஆபீஸ்ல வந்து குடு" என்றார். மறுநாள் அவள் வரிசையில் நின்று கொடுத்தாள். பார்க்கலாம் என்றார். அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரித்த காலம் உண்டு.

புது மேடம் வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொரு பகுதியின் சங்கத்தையும் அழைத்து, ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் வேலை. நல்ல ஏற்பாடு. ஓவர்சியரால்கூட அதில் நொட்டை சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. முன்பெல்லாம் தெருவில் "சார்" என்று ஒதுங்கி வழி விட்டவர்கள் இப்போது வண்டியை மறித்து "அக்கா இருக்காங்களா?" என்றார்கள். மருந்துக் கடையில் ஒருத்தி தன் மாமியாரிடம் அவரைக் காட்டி, "தெரியலையா அத்தை, நம்ம அக்கா வீட்டுக்காரர்" என்றாள். மாமியார்க்காரி உடனே முகம் மலர்ந்து கும்பிட்டாள். ஓவர்சியர் மாத்திரையை வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தார்.

புதன்கிழமை கூட்டத்தில் மேடத்துக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. ஓவர்சியர் சுவரோரம், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். டீ முதலில் விருந்தாளிகளுக்குப் போனது. அவர் முறை வந்தபோது தட்டில் பிஸ்கட் இல்லை. வீட்டில் உடுத்தாத சேலை ஒன்றை அவள் உடுத்தியிருந்தாள். இதை எப்போது வாங்கினாள் என்று யோசித்தார். சந்தைப் பக்கம் மழைத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை இந்த வருஷம் தையல்காரி குடியிருக்கும் சந்துக்கு மாற்ற வேண்டும், அங்கேதான் தண்ணீர் முதலில் நிற்கிறது, இறைத்து பக்கத்துப் பெரிய வாய்க்காலில் விட்டால் போதும் என்றாள். தெளிவாகப் பேசினாள். மேடம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ஓவர்சியருக்கு மட்டும் ஒன்று தெரியும். அந்த வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு மதகுக் கதவு உண்டு. ஆறு ஏறினால் அது மூடிக்கொண்டு தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும். அதன் கீல் போன வருஷமே உடைந்துவிட்டது. ஆறு ஏறினால் வாய்க்கால் எதிர்த்து வரும். சந்திலிருந்து இறைத்ததெல்லாம் சந்துக்கே திரும்பும். பழைய அதிகாரியிடம் இதைச் சொல்லப்போய், "உமக்கு வேற வேலை இல்லையா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் சொன்னால் காற்றோடு போகும். அவள் சொன்னால் ஊரே எழுதிக்கொள்கிறது.

"ஓவர்சியர், நீங்க என்ன சொல்றீங்க?" என்று மேடம் திரும்பினார்.

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்."

கணவன் மனைவி கேலி என்று நினைத்து அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு, கொஞ்சம் பெருமையோடு. அந்தச் சிரிப்பு அவருக்குள் எங்கேயோ போய் முள்ளாய்க் குத்தியது. அன்று சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். "அந்த வாய்க்கால் விஷயம்..." என்று வாயெடுத்தும்விட்டார். அதற்குள் போன் வந்தது. "மேடம்" என்று உதட்டசைவில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். பேசட்டும், நன்றாகப் பேசட்டும் என்று டிவியைப் போட்டுக்கொண்டார்.

மழை ஒரு மத்தியானம் வந்தது. மோட்டார் இருக்கிறது என்ற தைரியத்தில் சந்தில் யாரும் சாமானை மேலே ஏற்றவில்லை. ஆறு ஏறியது. வாய்க்கால் எதிர்த்தது. தையல்காரி பள்ளிக்கூடச் சீருடைக்காக வாங்கித் தரையில் அடுக்கியிருந்த நீலத் துணிக் கட்டுகள் அத்தனையும் சேற்றுத் தண்ணீரில் ஊறின.

ஓவர்சியர் பணியாட்களோடு சந்து முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே தையல்காரி.

"நீங்க சொன்னீங்கன்னுதானேக்கா எல்லாத்தையும் கீழயே வெச்சேன். இப்ப யார் மூஞ்சில போய் முழிப்பேன்? பெரிய இவளாட்டம் ஆபீஸ்ல உக்காந்துட்டு வந்தீங்களே."

"ஆமாடி. நான்தான் சொன்னேன்."

ஓவர்சியருக்கு நாக்கடியில் ஒரு துளி இனித்தது. அதை அவர் தன்னிடமே மறைத்துக்கொள்ள முடியாது. கொஞ்சம் பொறுத்தால் இன்னும் இனிக்கும் என்று நின்றார். ஆனால் திட்டிக்கொண்டிருந்தவளே அப்படியே அவள் தோளில் விழுந்து அழுதாள். மாடியிலிருந்து யாரோ ஒரு துண்டை வீசினார்கள்; அதை வாங்கி இரண்டு பேரும் ஒரே துண்டில் முகம் துடைத்துக்கொண்டார்கள். ஓவர்சியருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவரை யாரும் இப்படித் திட்டியதில்லை. எத்தனை வருஷம் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒருத்தர்கூட எதிரே வந்து நின்று நீதானே சொன்னாய் என்று கேட்டதில்லை. மனு கொடுத்தார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். திட்டுவதற்குக்கூட அவள்தான் வேண்டியிருக்கிறது.

வீட்டில் அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "மதகுக் கதவு உடைஞ்சிருக்காம். மோட்டார் ஓட்டுற அண்ணன் சொன்னாரு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கூட்டத்தன்னிக்கே?"

"போன வருஷத்துலேர்ந்தே."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். நான் சொன்னப்போ எவன் கேட்டான் என்று ஆரம்பிக்கும் நீளமான பதில் ஒன்று அவரிடம் தயாராக இருந்தது. அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வரிசையில் நின்று மனுக் கொடுத்தவர்கள் திரும்பிப் போகும்போது சொல்வார்களே, அதே குரல்.

மறுநாள் ஓவர்சியர் மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காராமல், நின்றபடியே கதவு விஷயத்தைச் சொன்னார். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கதவை இன்னிக்கே சரி பண்ணச் சொல்றேன். நீங்க சொல்லியும் கேக்காத அந்தப் பழைய அதிகாரி இப்ப இங்க இல்ல, நீங்க இருக்கீங்க. என்கிட்ட சொன்னது சரி ஓவர்சியர். அந்தச் சந்துல யார் போய்ச் சொல்றது?"

சந்தில் தண்ணீர் வடிந்து சேறு நின்றது. தையல்காரி வாசலில் வாளியை வைத்து ஒவ்வொரு துணியாக அலசிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. உங்க அக்கா மேல தப்பில்ல. அந்தத் தண்ணி திரும்பி வரும்னு எனக்குத் தெரியும். கூட்டத்துல கேட்டப்ப நான் வாயைத் திறக்கல."

"ஏன் சார்?"

சொல்ல எத்தனையோ காரணங்கள் இருந்தன. அவற்றில் பலவும் நியாயமானவைகூட. அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டு, "வயித்தெரிச்சல்மா" என்றார்.

தையல்காரி வாளியிலிருந்து ஒரு முழுத் துணியை இழுத்து, ஒரு முனையை அவர் கையில் திணித்தாள். "புடிங்க" என்றாள். மறுமுனையை எடுத்துக்கொண்டு அவள் பின்னோக்கி நடந்தபோது, சந்து முனையிலிருந்து அவர் மனைவி இரண்டு காலி வாளிகளோடு வந்தாள். எவ்வளவு கேட்டிருப்பாள் என்று முகத்தில் தெரியவில்லை. தையல்காரி அந்த முனையை அவளிடம் கொடுத்துவிட்டு அடுத்த துணிக் கட்டை எடுக்க உள்ளே போனாள்.

அவள் பிழிய ஆரம்பித்தாள். இவரும் திருப்பினார். அவள் திருப்பிய போக்கிலேயே இவரும் திருப்பினார் போலிருக்கிறது. துணி முறுக்கேறாமல் இருவருக்கும் நடுவில் வெறுமனே சுழன்றது. அவள் கையை நிறுத்திக்கொண்டு நின்றாள். நீலத் துணியின் தொய்ந்த நடுவிலிருந்து கலங்கல் தண்ணீர் சேற்றில் சொட்டிக்கொண்டிருந்தது.