நிப்லா வீட்டுத் தயிர்

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதி வந்திருக்காது. கையில் என்ன என்று யார் கேட்டாலும், “சோப் ஒத்துக்கொள்ளல்ல” என்று சொல்லி வருடக்கணக்காகத் தப்பியவள் நான். முழங்கையிலும் விரல் மூட்டுகளிலும் தோல் தடித்துச் சிவந்து, வெள்ளைச் செதிலாக உதிரும். எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணியில் அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் என் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார்கள். எங்கள் ஒழுங்கையில் தயிர் போடுகிறவர்கள் உறைக்கு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். பக்கத்து வீட்டு நிப்லா கோப்பையோடு குசினி வாசலில் நிற்பாள்.

“ஆதிலா ராத்தா, ரெண்டு கரண்டி தாங்க. உங்கட உறைக்குத்தான் தயிர் கட்டியா விழுது.”

நானும் பெருமையாக அள்ளிக் கொடுப்பேன். பால் அவளுடைய எருமைப்பால். அதைத் தயிராக்குவது என் பானையில் இருந்து போனது.

போன பெருநாளுக்குப் பிறகு செதில் தலைக்கும் ஏறிவிட்டது. டவுனில் தோல் கிளினிக்குக்குப் போனேன். தயாளினி என்று ஒரு டொக்டர், சின்னப் பிள்ளை, நிதானமாகக் கதைத்தாள்.

“அம்மா, இதுக்குப் பேர் சொரியாசிஸ். தொத்துற வருத்தம் இல்ல. உங்கட உடம்பின்ர காவல் உங்கட தோலையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது.”

“ஏன் டொக்டர் எனக்கு மட்டும்?”

“பரம்பரையும் காரணமா இருக்கலாம். இப்ப குடலையும் பாக்கிறாங்கள். எல்லாற்ற குடலுக்குள்ளயும் கோடிக்கணக்கில பக்டீரியா இருக்கு, நல்லது செய்யிற பக்டீரியா. இந்த வருத்தம் உள்ள ஆக்களிட்ட அந்தக் கலவை மாறியிருக்குது எண்டு ஆராய்ச்சியில காணுறாங்கள். அதால இது வந்ததோ, இதால அது மாறினதோ எண்டு இன்னும் சரியாத் தெரியாது.”

“தயிர் தின்னலாமா?”

“ஓம், தின்னுங்கோ. நல்லது. ஆனா தயிரால வருத்தம் சுகமாகும் எண்டு நான் சொல்லமாட்டன். களிம்பை விடாதேங்கோ.”

பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோசத்தில்தான். மீனும் பாலும் சேர்த்துத் தின்றாள் என்றார்கள், கண்ணூறு என்றார்கள், என் புருசன் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு பாவம் பிடித்துவிட்டது என்றுகூட ஒருத்தி சொன்னாள். ஒன்றுமில்லை, வயிற்றுக்குள் ஒரு குழப்பம். இனி யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்லலாம் என்று நினைத்தேன். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த வாரமே என் மகள் அசனாவைப் பெண் கேட்டு உம்மு குல்சும் வந்தா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பஸ்லானுடைய உம்மா. அசனாவை அவவுக்கு நல்லாப் பிடித்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையை நான் நீட்டியபோதுதான் என் விரல்களைப் பார்த்தா.

“கையில என்ன மதினி?”

சோப் என்று சொல்லியிருக்கலாம். நான் படித்தவள் மாதிரி தொடங்கினேன். “இது தோல் வருத்தமே இல்ல மதினி. குடலுக்குள்ள கிருமி. நல்ல கிருமி குறைஞ்சு கெட்ட கிருமி கூடிட்டுதாம். டொக்டர் சொன்னவ.”

கோப்பை அவவுடைய வாய்க்குப் போகவில்லை.

“கிருமியா?”

“எல்லாருக்கும் இருக்கிற கிருமிதான் மதினி. தயிரிலயும் இருக்கு!”

“தயிரிலயுமா?” என்று கேட்டுவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தா. தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்தது. எனக்கு என் நாக்கை இழுத்து அறுக்கலாம் போல இருந்தது.

கொரோனா காலத்தில் ஒரு வீட்டுக்காக ஒழுங்கையையே கயிறு கட்டி மூடிய ஊர் இது. தோலில் இருந்தபோது அது என்னோடு இருந்தது. குடலுக்குள் கிருமி என்றதும் அது சோற்றுக்கு வந்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? நிப்லா உறைக்கு வருவதை நிறுத்தினாள். கேட்டதற்கு, “இப்ப என்ட பழைய தயிரில இருந்தே எடுத்துப் போடுறன் ராத்தா” என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

பஸ்லான் பிடிவாதமாக நின்றதால் கலியாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீட்டை மகள் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். எனக்கு வேறு ஆசை இல்லை, ஒன்றைத் தவிர. அசனாவுடைய மாமியாரோடு ஒரு சஹனில் கை வைத்துச் சோறு தின்ன வேண்டும். சஹன் என்றால் பெரிய தட்டு. அதைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றை எல்லாரும் கையால் தின்பது. அதில் இடம் கிடைத்தால் நான் மனுசி.

கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். தயிரை மட்டும் தாங்கள் கொண்டுவருவதாக உம்மு குல்சும் முன்பே சொல்லி அனுப்பியிருந்தா. சொன்னபடி இரண்டு சட்டித் தயிர் வந்தது. சட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நிப்லா வீட்டுத் தயிர்.

பாயில் சஹன் வைத்தார்கள். உம்மு குல்சுமுக்குப் பக்கத்தில் ஓர் இடம் இருந்தது. களிம்பு பூசிக் கழுவித் துடைத்த கையோடு நான் போனேன். அவ தயிரைச் சோற்றில் விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தா.

“மாஷா அல்லாஹ், சுத்தமான தயிர்.”

எதிரில் இருந்த நிப்லா தலையைக் குனிந்துகொண்டாள். அது எந்தப் பானையின் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் ருசித்துத் தின்பது என் கிருமியைத்தான் மதினி என்று கத்த வேண்டும் போல நெஞ்சு எரிந்தது. வாயைத் திறந்தும் விட்டேன்.

“உம்மா.”

அசனா பின்னால் நின்றாள். கையில் ஒரு பீங்கான் தட்டு. சோறு, இறைச்சி எல்லாம் வைத்து, ஓரத்தில் ஒரு கரண்டி.

“நீங்க இதில தின்னுங்க உம்மா.”

“மாமி சொன்னாவா மகள்?”

“இல்ல உம்மா. அவ சொல்ல முந்தி நானே போட்டுட்டன்.”

அவளுடைய கண் கெஞ்சியது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். குசினிக்குப் போய்க் கதிரையில் உட்கார்ந்து, கரண்டியால் தின்றேன். என் கலியாணத்தில்கூட நான் கரண்டி பிடித்ததில்லை.

மறுநாள் காலையில் அசனா கோப்பையோடு வெளியே கிளம்பினாள்.

“எங்க மகள்?”

“நிப்லா மாமி வீட்டுக்கு. தயிர் வாங்க.”

“பானை நிறைய இருக்கே புள்ள. ராவுதான் போட்டனான்.”

அவள் வாசற்படியில் நின்றாள். எப்போதும் போல அன்பாகத்தான் சொன்னாள்.

“அது உங்களுக்கு உம்மா. டொக்டர் சொன்னதுதானே.”

படலை சாத்திய சத்தம் கேட்டது. நான் பானையை மடியில் வைத்து மூடியைத் திறந்தேன். கட்டியாக, ஒரு வெடிப்பில்லாமல் விழுந்திருந்தது. கரண்டி தேடவில்லை. கையை அப்படியே உள்ளே விட்டு அள்ளினேன். அதில் இனி யாரும் உறை கேட்டு வரப்போவதில்லை.