மருந்து யாருடையது?

என் ஆராய்ச்சி வழிகாட்டி ராஜதுரை சார் என் பெயரை நன்றியுரையில் போட்டிருந்தார். கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் அண்ணனுக்கு அடுத்த வரியில், ‘வினோதினிக்கும் நன்றி’ என்று. முதல் பக்கத்தில் அவர் பெயரும் அவருடைய மருமகன் பெயரும். அந்த மருமகன் எங்கள் பெரம்பலூர் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

நாலு வருஷம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, அரைத்து, சலித்து நான் உருவாக்கிய பொடி அது. தண்ணீரில் குழைத்துப் பாறைத் துளைக்குள் ஊற்றினால், தண்ணீரைக் குடித்து உப்பும். துளையின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெட்டித் தள்ளும். மறுநாள் காலையில் துளைக்குத் துளை கோடு விட்டுப் பாறை பிளந்து கிடக்கும். வெடிச் சத்தம் கிடையாது, பக்கத்து ஊர் வீடுகளில் விரிசல் கிடையாது. கலவை சரியாகக் கூடி வந்தது போன மார்கழியில்தான். என் முனைவர் பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. தை மாதம், “படிச்சுட்டுத் தரேம்மா” என்று சார் நோட்டை வாங்கிப் போனார். நோட்டு வரவில்லை. பங்குனியில் கட்டுரை வந்தது.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் பஸ் ஏறி சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போனேன். அந்தக் காளிக்குத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள். நான் போனது புதன்கிழமை. ஆத்திரத்தில் கிழமை யாருக்கு நினைவிருக்கிறது? சாத்திய கதவைப் பார்த்தே, “அந்த ஆளு கண்ணு அவிஞ்சு போகணும்” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

சாருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவர் கொண்டுபோன நோட்டில் இருந்தது குளிர்கால அளவு மட்டும். வெயில் ஏறினால் அதே கலவை துளைக்குள் கொதித்துவிடும். இறுகுவதற்குள் ஆவி கிளம்பி, மொத்தமும் துளை வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தில் பட்டால் கண் போய்விடும். மாசிக்குப் பிறகு இதையெல்லாம் நான் வேறொரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கத்திரி வெயிலில் சார் செயல்விளக்கம் வைத்தார். வைரக்கண்ணு என்பவருடைய கல்குவாரி. சுற்றுவட்டாரக் குவாரி முதலாளிகள் இருபது பேரை அழைத்திருந்தார். எனக்கும் போன் வந்தது.

“கலக்குறதுக்கு ஆள் வேணும். நீ வந்துடும்மா.”

“வரேன் சார்” என்றேன், தேனாக.

முந்தின நாளே குவாரிக்குப் போய் கொளஞ்சி அண்ணனைப் பார்த்தேன். அங்கே துளை போட்டு வெடி வைக்கிற மேஸ்திரி அவர்தான். என் ஆராய்ச்சிக்கும் துளை போட்டுக் கொடுத்தவர். அந்தக் குவாரியில் ஒரு முறை உண்டு. துளையில் வெடிமருந்து வைத்தவர்தான் கடைசியாக நகர வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பலாம்.

“நாளைக்கும் அந்த முறை உண்டுங்களாண்ணே?”

“மொதலாளியே மருந்து வச்சாலும் அதான் முறை. ஏம்மா?”

“சும்மா கேட்டேன்.”

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பாறையில் கை வைக்க முடியவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டேன். “சார், வெயில் காலம். அளவை மாத்தணுங்களா?”

“நோட்டுல இருக்குற மாதிரியே கலக்கும்மா.” கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “நாலு வருஷம் ராத்திரி பகல் பார்க்காம நான் கண்டுபிடிச்சது இது.”

கலக்கினேன். ஐந்து துளைகளிலும் சார் தன் கையாலேயே ஊற்றி, போட்டோவும் எடுத்துக்கொண்டார். ஆறாவது நிமிஷம் முதல் துளையில் மெல்லிய புகை தெரிந்தது.

“கொளஞ்சி அண்ணே, எல்லாரையும் பின்னாடி கூட்டிட்டுப் போங்க. நாலஞ்சு நிமிஷத்துல இது வெளிய அடிக்கும். கண்ணு போயிடும்.”

கூட்டம் கலைந்தது. சாரும் நழுவப் பார்த்தார். கொளஞ்சி கையை நீட்டி மறித்தார்.

“நீங்க நில்லுங்க சார். மருந்து வச்சவங்கதான் கடைசி.”

“உங்க மருந்துதானே சார், அது என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று தள்ளி நின்று கத்தினார் வைரக்கண்ணு. எல்லார் கையிலும் போன் ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியும்... தெரியும்...” சாரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“எட்டிப் பாருங்க சார். எப்படித் தள்ளுதுன்னு நல்லாத் தெரியும்” என்றேன்.

சொன்னேன், மறைக்கவில்லை. அவர் குனிய வேண்டும் என்று அந்த நிமிஷம் மனசாரவே விரும்பினேன்.

துளைக்குள் களகளவென்று சத்தம் கேட்டது. சார் அலறினார்.

“எனக்கு என்னய்யா தெரியும்! மருந்து அவளோடது! அவதான் கண்டுபிடிச்சா, அவள நிக்கச் சொல்லு!”

கொளஞ்சி கையை இறக்கினார். சார் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முறை என்னுடையதாகிவிட்டது. காலையிலேயே வாளியில் ஊறப்போட்டிருந்த சாக்குகளை எடுத்து ஐந்து துளைகளையும் மூடினேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு நடந்தேன், ஓடவில்லை. தூரத்தில் போய்த் திரும்பும்போது சாக்கெல்லாம் மேலே பறந்தது. வெள்ளைக் குழம்பு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சி, போட்டோவுக்காகச் சார் கிட்டத்திலேயே நிறுத்தியிருந்த கார் முழுக்க வழிந்தது.

வைரக்கண்ணு நேராக என்னிடம் வந்தார். “ஏம்மா, வெயில் காலத்துக்கு எவ்வளவு கலக்கணும்?”

“அதுக்குத் தனி நோட்டு இருக்குங்க. முதல்ல அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்க.”

தண்ணீர் லாரிக்குப் பின்னால் முகம் கழுவிக்கொண்டிருந்த சார், தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். “வினோதினி, எதா இருந்தாலும் நாம பேசிக்கலாம்மா.”

“கவலைப்படாதீங்க சார். என் கட்டுரையில உங்களுக்கும் நன்றி போடுறேன். கடைசிப் பக்கத்துல, கொளஞ்சி அண்ணனுக்கு அடுத்த வரியில.”